மூக்குக்குள்ளே ஒரு குடித்தனக்காரர்

போன மாசம் எனக்கு மூக்கில் ஒரு கட்டி வந்தது.

மூக்கின் மேலே என்றாலாவது நாலு பேர் பார்த்து அனுதாபப்படுவார்கள். இது உள்ளே. இடது துவாரத்தின் ஓரமாக, மிளகு சைஸில். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஆனால் சிரித்தால் வலி. தும்மினால் உயிர் போய்விட்டுத் திரும்பி வரும்.

"என்ன, ரெண்டு நாளா மூஞ்சிய உம்முனு வெச்சிருக்கீங்க?" என்றாள் மனைவி.

"மூக்குல கட்டி."

"அவ்வளவுதானா! நான் மாசக் கடைசின்னு நெனச்சேன்."

நம் வீடுகளில் ஒருவனுக்குக் கட்டி வந்தால் முதல் காரியம் வைத்தியம் இல்லை; விசாரணைக் கமிஷன். "எண்ணெய் தேய்ச்சுக் குளின்னா கேட்டாத்தானே!" என்று அப்பா தீர்ப்பு வழங்கினார். மனைவிக்கு சலூன்காரர் மேல் சந்தேகம் ("அந்தத் துண்டப் பாத்தீங்களா?"). பக்கத்து வீட்டுப் பெரியவர் மாம்பழம் என்றார். நண்பன் ஒருவன், நான் தினம் தொங்கிக்கொண்டு போகிற பஸ்ஸின் கம்பியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினான். குற்றவாளி யார் என்பதில்தான் தகராறே தவிர, அவன் வெளியாள் என்பதில் யாருக்கும் சந்தேகமே இல்லை.

தெருக்கோடி டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். பிறகு, பி.காம். படித்த, கல்யாணமான, முப்பத்தாறு வயது மனிதனை எந்த இன்டர்வியூவிலும் யாரும் கேட்டிராத ஒரு கேள்வியைக் கேட்டார்.

"மூக்க நோண்டுவீங்களா?"

"சேச்சே!" என்றேன். அவர் டார்ச்சை அணைக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தார். "எப்பவாவது... எழுதறப்ப... ஐடியா வரலேன்னா..."

"வாரா வாரம் எழுதறீங்க இல்ல?" என்றார்.

நான் பேச்சை மாற்றினேன். "யார்கிட்டேருந்து டாக்டர் ஒட்டிக்கிட்டிருக்கும்?"

"யார்கிட்டேருந்தும் இல்ல சார். பெரும்பாலும் உங்க மூக்குலயே ரொம்ப நாளா இருந்திருக்கும். ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ்னு பேரு. நகம் பட்டுக் கீறல் விழுந்திருக்கு, உள்ள பூந்துடுச்சு. கிள்ளாதீங்க, பிதுக்காதீங்க. இந்த ஆயின்ட்மென்டப் போடுங்க."

கட்டி அஞ்சு நாளில் போய்விட்டது. அந்தப் பெயர்தான் போகவில்லை. ஏனென்றால் அதை நான் ஏற்கெனவே ஒரு தடவை படித்திருக்கிறேன். மூன்று வருஷத்துக்கு முன்னால், என் மாமாவின் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. ஆடிட்டர் ஆபீஸில் முப்பது வருஷம் சீனியர் அசிஸ்டென்டாக இருந்தவர். நான் பி.காம். சேர்ந்ததே அவரால்தான். "டேய், மனுஷன் பொய் சொல்லுவான், லெட்ஜர் சொல்லாது" என்பார். (பிற்பாடு நான் பார்த்த லெட்ஜர்கள் மனுஷனை விட நன்றாகவே பொய் சொல்லின. அது வேறு விஷயம்.) பன்னிரண்டு வருஷமாகச் சர்க்கரை. இடுப்பு வலி வேறு. குனிய முடியாது. அதனால் ஞாயிற்றுக்கிழமை தோறும் அத்தைதான் அவர் காலை மடியில் வைத்து நகம் வெட்டி விடுவாள்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை கட்டை விரலில் கொஞ்சம் ஆழமாகப் பட்டுவிட்டது. ஒரு சொட்டு ரத்தம். மஞ்சள் வைத்தாள். வியாழக்கிழமை குளிர் ஜுரம். சனிக்கிழமை ஆஸ்பத்திரி. அடுத்த புதன்கிழமை மாமா இல்லை.

ரத்தத்தில் கிருமி என்றார்கள். அத்தை அந்த நெயில்கட்டரைக் கிணற்றில் போட்டாள். "நான் வெட்டின நகம்டா. நான்தான்" என்று அன்றைக்குச் சொன்னவள், அப்புறம் அதைச் சொல்வதையும் நிறுத்திவிட்டாள். ஆனால் இன்று வரை பேத்திக்கு நகம் வெட்ட மாட்டேன் என்கிறாள்.

என் மூக்கில் டார்ச் அடித்தபோது டாக்டர் சொன்ன ஒரு வார்த்தை எனக்குள் உட்கார்ந்துகொண்டது. 'உங்க மூக்குலயே ரொம்ப நாளா இருந்திருக்கும்.' அப்படியானால் மாமாவுக்கும்? ரொம்ப நாள் சும்மா இருந்த ஒன்று திடீரென்று ஒருநாள் ஏன் கொல்ல வேண்டும்? டெபிட், கிரெடிட் தவிர வேறு விஞ்ஞானம் தெரியாத அடியேன் ஒரு வாரம் உட்கார்ந்து படித்தேன். படித்ததைச் சொல்கிறேன்.

* * *

முதலில் ஆசாமியின் ஜாதகம்.

1880-ல் ஸ்காட்லாந்தின் அபர்தீன் நகரத்தில் அலெக்சாண்டர் ஆக்ஸ்டன் என்று ஒரு சர்ஜன். அந்தக் காலத்தில் ஆபரேஷன் செய்தால் புண்ணில் சீழ் வைப்பது சகஜம். 'சீழ் ஏன் வருகிறது?' என்று அவருக்கு ஒரு அரிப்பு. ஒரு நோயாளியின் கட்டியைக் கீறிச் சீழை எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தார். உருண்டை உருண்டையாக, கொத்துக் கொத்தாக என்னவோ தெரிந்தது. கிரேக்க மொழியில் திராட்சைக் கொத்தைக் குறிக்கும் சொல்லை எடுத்து 1882-ல் 'ஸ்டஃபிலோகாக்கஸ்' என்று நாமகரணம் செய்தார். 1884-ல் ரோசன்பாக் என்ற ஜெர்மன் டாக்டர், அதை வளர்த்தபோது பொன் மஞ்சளாக இருந்ததால் 'ஆரியஸ்' என்று சேர்த்தார். (உடனே ஆரிய - திராவிட விவகாரத்துக்குப் போய்விடாதீர்கள். லத்தீனில் அதற்கு 'தங்க நிறம்' என்று அர்த்தம். அவ்வளவுதான்.)

ஆக்ஸ்டனையே ஒரு விஷயம் குழப்பியிருக்கிறது. இதே கிருமியை உடம்புக்குள் செலுத்தினால் கடும் விஷமாக வேலை செய்கிறது. புண்ணின் மேல்பரப்பில் இருந்தால் பேசாமல் இருக்கிறது. இது என்ன கூத்து?

அந்தக் கூத்தின் அளவு பிற்பாடுதான் தெரிந்தது. பெரியவர்களில் சுமார் நாலில் ஒருவர் மூக்கில் இந்த ஆசாமி குடியிருக்கிறார். நாற்பது பேர் வேலை பார்க்கிற ஆபீஸ் என்றால் பத்து மூக்கு. உடனே பக்கத்து சீட்டை முறைக்காதீர்கள். அது நீங்களாகவும் இருக்கலாம். ஜுரம் கிடையாது, தும்மல் கிடையாது, ஒரு கஷ்டமும் கிடையாது. மூக்கு ஈரத்தில் கிடைப்பதைச் சாப்பிட்டுக்கொண்டு, சத்தம் போடாமல், விருந்தாளிகளைக் கூட்டி வராமல், ஒழுங்காகக் குடித்தனம் நடத்துகிறார். இப்படி ஒரு டெனன்ட் கிடைக்க எந்த வீட்டுக்காரரும் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

ஆனால் 2001-ல் ஜெர்மனியில் ஓர் ஆராய்ச்சி வெளியானது. இந்தக் கிருமி ரத்தத்தில் கலந்து படுத்த நோயாளிகளின் ரத்தத்தில் இருந்ததையும், மூக்கில் இருந்ததையும் எடுத்து ஒப்பிட்டார்கள். நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்டவர்களுக்கு இரண்டும் ஒரே வம்சம்!

சலூன் துண்டும் இல்லை, பஸ் கம்பியும் இல்லை. கூடவே இருந்து குழி பறித்தது நம்ம டெனன்ட்தான்.

* * *

சரி, நல்ல மனுஷன் ஏன் கெட்டுப்போனார்?

சில சமயம் அவர் மாறவே வேண்டியதில்லை. கதவு திறந்தாலே போதும். ஒரு கீறல், ஆபரேஷன் தையல், நாளத்தில் செருகிய ஊசிக்குழாய். இதோடு சர்க்கரை வியாதியால் காவல்காரர்கள் அசந்திருந்தால் இன்னும் சௌகரியம். மூக்கில் இருந்தபோது சாதுவாக இருந்த அதே ஆள் ரத்தத்துக்குள் போனால் வேறு ஆள்.

ஆனால் இன்னொரு வழியும் இருக்கிறது. அங்கேதான் நம்ம குமாஸ்தா உத்தியோகம் வருகிறது.

இந்த பாக்டீரியாவின் டி.என்.ஏ. என்பது சுமார் 28 லட்சம் எழுத்துகள் கொண்ட ஒரு லெட்ஜர். எழுத்து நாலே நாலுதான். ஏ, டி, ஜி, சி. பக்கத்துக்கு 2,000 எழுத்து என்று அச்சடித்தால் 1,400 பக்கம் வரும். பாக்டீரியா ஒன்று இரண்டாகும்போதெல்லாம் இந்த 1,400 பக்கத்தையும் முழுசாகக் காப்பி எடுக்க வேண்டும். ஜெராக்ஸ் கிடையாது. ஒவ்வொரு எழுத்தாக. நம் ஆபீஸில் ஒரு பக்க மெமோவை டைப் அடிப்பதற்குள் மூன்று தப்பு வருகிறது. இவர்கள் அபார குமாஸ்தாக்கள். தப்பே வராது என்கிற அளவுக்கு எழுதுவார்கள். ஆனால் ஒரு மூக்கில் லட்சக்கணக்கில் உட்கார்ந்து மாசக்கணக்கில் காப்பி எடுத்துக்கொண்டே இருந்தால்? எப்போதாவது ஒரு எழுத்து மாறத்தான் செய்யும். பெரும்பாலும் அதனால் ஒன்றும் ஆகாது. ஆனால் சில தப்புகள் வாக்கியத்தின் நடுவிலேயே முற்றுப்புள்ளி வைத்துவிடும்.

'நாளை ஆபீஸ் விடுமுறை இல்லை' என்று ஒரு சர்க்குலர் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். டைப்பிஸ்ட் கொட்டாவி விட்டதில் கடைசி வார்த்தை விழவில்லை. நாளைக்கு ஆபீஸில் என்ன நடக்கும்? ஒன்றும் நடக்காது. வாட்ச்மேன் மட்டும் இருப்பார். ஒரே ஒரு வார்த்தை போனதில் மொத்த ஆபீஸின் நடவடிக்கையே மாறிவிட்டது.

இதே மாதிரி ஒரு சர்க்குலரைத்தான் ஆக்ஸ்ஃபோர்டில் கண்டுபிடித்தார்கள்.

மூக்கில் இந்தக் கிருமியைச் சுமந்துகொண்டிருந்த ஒருவர். அவர் மூக்கிலிருந்து மாதிரிகள் எடுத்து வைத்திருந்தார்கள். எல்லாம் நல்லபடியாகவே போய்க்கொண்டிருந்தது. ஒரு கட்டத்தில் கிருமி ரத்தத்தில் கலந்து, அவர் இறந்துபோனார். பெர்னடெட் யங் என்ற டாக்டரும் அவரது கூட்டாளிகளும் மூக்குக் கிருமிகளையும் ரத்தக் கிருமிகளையும் எடுத்து, லெட்ஜரை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒப்பிட்டார்கள். 2012-ல் ரிப்போர்ட் வெளியானது.

பதின்மூன்று மாசக் கதை அது. எழுத்துகள் மெதுவாக, ஒரே வேகத்தில் மாறிக்கொண்டு வந்திருக்கின்றன. நோய் வருவதற்குச் சற்று முன்னால் மட்டும் ஒரு கொத்து மாற்றங்கள். கடைசியில் மூக்கில் முதலில் இருந்த கிருமிக்கும், ரத்தத்தில் இருந்த கிருமிக்கும் எத்தனை வித்தியாசம் தெரியுமா?

எட்டு.

28 லட்சம் என்ட்ரியில் எட்டு வித்தியாசம்! என் மாமா இருந்த ஆடிட்டர் ஆபீஸாக இருந்தால் 'கணக்குகள் சரியாக உள்ளன' என்று கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டிருப்பார்கள். ஆனால் அந்த எட்டில் நாலு, நான் சொன்ன 'இல்லை' விழாத சர்க்குலர் மாதிரி. புரோட்டீன் பாதியில் நின்றுவிட்டது. அந்த நாலில் ஒன்று விழுந்த இடம் சாதாரண குமாஸ்தா ஜீன் இல்லை. மற்ற ஜீன்களை 'நீ வேலை செய், நீ சும்மா இரு' என்று அதட்டுகிற மானேஜர் ஜீன். நோய் வராமல் இதே கிருமியைச் சுமந்த வேறு இரண்டு பேருடையதையும் பார்த்தார்கள். அங்கே இந்த மாதிரிக் கொத்து இல்லை.

'ஒரு கேஸை வைத்துக்கொண்டு என்னய்யா பெரிய தீர்ப்பு?' என்று நீங்கள் கேட்கலாம். அவர்களே கேட்டுக்கொண்டார்கள். 2017-ல் அதே கோஷ்டி 105 நோயாளிகளிடமிருந்து எடுத்த 1,163 லெட்ஜர்களைப் படித்து முடித்தது. நூற்றுக்கு எழுபத்திரண்டு பேருக்கு நோய்க்கிருமி மூக்கிலிருந்துதான் கிளம்பியிருந்தது. மாற்றங்கள் கண்ட இடத்தில் விழவில்லை. சில குறிப்பிட்ட டிபார்ட்மென்ட்களில், எதேச்சையாக விழ வேண்டியதைப்போல் மூன்று மடங்கு விழுந்திருந்தன. ஆர்.எஸ்.பி. என்று ஒரு மானேஜர், ஏ.ஜி.ஆர். என்று இன்னொரு மானேஜர், இவர்களுக்குக் கட்டுப்பட்ட ஜீன்கள். ஆரோக்கியமாகச் சுற்றிக்கொண்டிருந்தவர்களின் மூக்கில் இந்த அடையாளம் காணவில்லை.

இந்த ஏ.ஜி.ஆர். ஒரு சுவாரஸ்யமான ஆசாமி. நம் ஆபீஸ் யூனியன் செகரட்டரி மாதிரி. ஒவ்வொரு பாக்டீரியாவும் 'நான் இருக்கேன்' என்று ஒரு சின்ன ரசாயனத்தை வெளியே விடும. ஆள் குறைவாக இருந்தால் அது கரைந்து போய்விடும். கும்பல் சேர்ந்தால் ரசாயனம் கூடும். ஓர் அளவைத் தாண்டியதும் ஏ.ஜி.ஆர். விசில் அடிப்பார். எல்லோரும் சேர்ந்து விஷத்தை வெளியே விடுவார்கள். கும்பல் சேர்ந்தால்தான் வீரம் என்பது மனுஷனுக்கு மட்டும் உள்ள குணம் இல்லை.

அப்படியானால் எழுத்துப் பிழையில் இந்த மானேஜர்கள் வெறி பிடித்து விஷத்தைக் கொட்டியிருப்பார்கள் என்றுதானே நினைக்கிறீர்கள்? நானும் அப்படித்தான் நினைத்தேன். நடந்தது நேர் தலைகீழ். ஆர்.எஸ்.பி. மானேஜர் முடங்கியதும் விஷம் குறைந்துவிடுகிறது! ஆனாலும் ரத்தத்தில் நடமாடுகிற சாமர்த்தியமும் கட்டி உண்டாக்குகிற சாமர்த்தியமும் அப்படியே இருக்கின்றன என்று 2016-ல் ஓர் ஆய்வு காட்டியது. குரைக்கிற நாய் கடிக்காது என்பார்கள். இங்கே கடித்தது குரைப்பதை நிறுத்திக்கொண்ட நாய்.

* * *

இதில் அந்த பாக்டீரியாவுக்கு என்ன லாபம்? பி.காம்.காரன் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

ஒன்றும் இல்லை. சுத்த நஷ்டம்.

இந்தக் கிருமி ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போவது மூக்கு, கை, தோல் வழியாக. ரத்தத்துக்குள் போனவனுக்கு வெளியே வர வழி கிடையாது. நோயாளி பிழைத்தால் மருந்தில் இவன் காலி. நோயாளி போனால் கூடவே இவனும். 1994-ல் புரூஸ் லெவின், ஜேம்ஸ் புல் என்ற இரண்டு அமெரிக்க விஞ்ஞானிகள் இதற்கு 'கிட்டப்பார்வைப் பரிணாமம்' என்ற அர்த்தத்தில் ஒரு பெயர் வைத்தார்கள். உடம்புக்குள்ளே அந்த நிமிஷத்துக்கு ஜெயிக்கிறவன், ஊருக்குள் பரவுகிற பெரிய ஆட்டத்தில் தோற்றுவிடுகிறான். தொண்ணூறுகளில் 36 சதவீத வட்டி தருகிறேன் என்று ஃபைனான்ஸ் கம்பெனி போட்டவர்களைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். முதல் வருஷம் அவர்களைப்போல் வளர்ந்தவர்கள் யாரும் இல்லை.

ஆக, ரொம்ப நாளாக சதித்திட்டம் தீட்டி, சமயம் பார்த்து நம்மைக் கவிழ்க்கிற வில்லன் யாரும் மூக்கில் இல்லை. இருப்பது ஒரு குமாஸ்தா. அவனுக்கு வந்தது ஒரு கொட்டாவி. கூடவே எங்கோ ஒரு கதவு திறந்திருந்தது.

இரண்டு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். எழுத்து மாறிய எல்லாக் கிருமியும் ஆளைக் கொல்வதில்லை. ஆளைப் படுக்க வைத்த எல்லாக் கிருமியிலும் எழுத்து மாறியிருப்பதும் இல்லை. சில சமயம் கதவு, சில சமயம் கொட்டாவி, சில சமயம் இரண்டும். 

'அப்படியானால் மூக்கையே டெட்டால் போட்டுக் கழுவிவிடட்டுமா?' வேண்டாம் சார். டெனன்டைக் காலி செய்தாலும் பலருக்குத் திரும்ப வந்துவிடுகிறார். ஆபரேஷனுக்குப் போகிறவர்கள் விஷயம் வேறு. 2010-ல் நெதர்லாந்தில் இந்தக் கிருமியைச் சுமந்த நோயாளிகளுக்கு மூக்கில் ஒரு ஆயின்ட்மென்டும், குளிக்க ஒரு கிருமிநாசினி சோப்பும் கொடுத்துப் பார்த்தார்கள். ஆஸ்பத்திரியில் இந்தக் கிருமியால் நோய் கண்டவர்கள் நூற்றுக்கு 7.7-லிருந்து 3.4 ஆகக் குறைந்தார்கள். அதெல்லாம் டாக்டர் சொல்லிச் செய்ய வேண்டியது.

நாம் செய்ய வேண்டியது சுலபம். கையைக் கழுவுங்கள். கட்டியைப் பிதுக்காதீர்கள், அதுவும் மூக்கு, மேலுதடு பக்கம் கூடவே கூடாது. கீறலைச் சோப்புத் தண்ணீரில் கழுவி மூடி வையுங்கள். சர்க்கரைக்காரர்கள் தினம் பாதத்தைப் பாருங்கள்; குனிய முடியாதவர்கள் வீட்டில் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். காயம் பட்ட சில நாளில் நடுக்கத்தோடு ஜுரம் வந்தால் 'காலையில பார்த்துக்கலாம்' என்று சொல்லாதீர்கள். மெடிக்கல் ஷாப்பில் 'ரெண்டு கேப்சூல் குடுங்க' என்றும் கேட்காதீர்கள். 1928-ல் ஃப்ளெமிங் பெனிசிலினைக் கண்டுபிடித்ததே இந்த ஸ்டஃபிலோகாக்கஸ் வளர்ந்த தட்டில்தான். இன்று இவர்களில் பெரும்பாலோர் பெனிசிலினை வேர்க்கடலை மாதிரி மென்றுவிடுகிறார்கள்.

அப்புறம், மூக்கை நோண்டாதீர்கள். ஐடியா அங்கே இல்லை. நான் நிறையத் தேடியிருக்கிறேன்.

* * *

போன ஞாயிற்றுக்கிழமை அத்தை வீட்டுக்குப் போனேன். காபி வந்தது. லெட்ஜர், குமாஸ்தா, கொட்டாவி எல்லாவற்றையும் சொன்னேன். அத்தை முறுக்கு டப்பாவை மூடாமலே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நகம் பட்டது நெஜந்தானே?" என்றாள் கடைசியில்.

"நெஜம்தான் அத்தை. ஆனா அதுக்கு முன்னாடி எத்தனை தடவை பட்டிருக்கும்? ஷேவ் பண்றப்ப, முள்ளு குத்தினப்ப. அப்பல்லாம் ஒண்ணும் ஆகல. அவருக்குச் சர்க்கரை. கிருமி அவர் மூக்குலயே இருந்திருக்கலாம். அதுல ஏதாவது எழுத்து மாறிச்சோ என்னவோ, மாமாவோடத யாரும் படிச்சுப் பாக்கல. எது எவ்வளவுன்னு யாராலயும் பிரிக்க முடியாது."

அத்தை ஒன்றும் சொல்லவில்லை. நான் என்னிடம் இருந்த ஒரே ஆயுதத்தை எடுத்தேன்.

"அத்தை, டிரையல் பேலன்ஸ் டேலி ஆகலேன்னா மாமா என்ன பண்ணுவார்?"

"ராத்திரி பூரா தூங்க மாட்டார்."

"அதுக்கப்புறமும் ஆகலேன்னா?"

அத்தை முப்பத்தி நாலு வருஷம் ஓர் ஆடிட்டர் ஆபீஸ்காரருக்கு மனைவியாக இருந்தவள். "ஏதோ சஸ்பென்ஸ் அக்கவுன்டுனு சொல்லுவார். வித்தியாசத்த அதுல எழுதி வெச்சுட்டு, பேசாம படுத்துக்கன்னு."

"நீ மொத்த வித்தியாசத்தையும் உன் பேர்ல எழுதி வெச்சிருக்க. அது தப்பு என்ட்ரி. மாமா இருந்தா ஒத்துக்க மாட்டார். எடுத்து சஸ்பென்ஸ்ல போடு."

ரொம்ப நேரம் சும்மா இருந்தாள். பிறகு, "அவர் மூக்குலயா இருந்துது?" என்றாள்.

"இருந்திருக்கலாம்."

"அந்த மூக்கு விட்ட கொறட்டையில நான் முப்பத்தி நாலு வருஷம் தூங்கினதில்ல" என்றாள். சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு பாதியில் வேறு ஏதோவாக மாறியது. நான் காபி டம்ளரைக் கழுவுகிற சாக்கில் உள்ளே போய்விட்டேன்.

நேற்று ராத்திரி அத்தை போன் பண்ணினாள். எப்போதும் போல நலம் விசாரிப்பு, மின்சாரக் கட்டணம், முறுக்கு மாவு. வைக்கப் போகும்போது சொன்னாள்:

"அடுத்த வாரம் வரப்ப ஒரு நெயில்கட்டர் வாங்கிட்டு வா. சின்னதா, கொழந்தைங்களுக்குனு விக்கறானே, அது. பேத்திக்கு நகம் காடா வளர்ந்து கெடக்கு."